எடை இழந்த தூண்டில்

குறுந்தொகையின் 54-ஆம் பாட்டில் ஒரு காட்டு யானை பச்சை மூங்கிலை வளைத்துப் பிடித்திருக்கிறது. தினைப்புனம் காப்பவர்கள் கவண் வீசுகிறார்கள். அந்த ஓசைக்கு மிரண்டு யானை மூங்கிலை விட்டுவிடுகிறது. வளைந்திருந்த கழை விசையோடு மேலே எழுகிறது, மீன் மாட்டியதும் மேலே எழும் தூண்டிலைப் போல. அப்படிப்பட்ட காட்டு நாட்டுக்காரனோடு தன் அழகும் போய்விட்டது என்று தலைவி சொல்கிறாள். இதைப் பாடியவரின் சொந்தப் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. இந்த ஓர் உவமையே பெயராகி, அவர் மீனெறி தூண்டிலார் ஆகிவிட்டார். மீன்பிடி கருவி ஒன்றின் பெயரால் நிலைத்த கவிஞர் வேறு எந்த மொழியில் இருக்கிறார் என்று தேடிப் பார்க்கலாம்.

அந்த உவமையைச் சொன்னவர் தூண்டிலைக் கையில் பிடித்தவராகத்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். தூண்டில் கோலுக்கு வேண்டிய இரண்டு குணங்கள் அதில் சரியாகப் பதிவாகியிருக்கின்றன. கோல் வளைய வேண்டும். விட்டதும் தானாக நிமிர வேண்டும். மூன்றாவதாக ஒரு குணம் உண்டு: மணிக்கணக்கில் பிடித்திருந்தாலும் கை கடுக்கக் கூடாது. இந்த மூன்றும் மூங்கிலில் இயற்கையாகவே சேர்ந்திருக்கின்றன. குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு கால்வாய்களாகப் பிரிந்து தென்காசிச் சமவெளியின் குளங்களை நிரப்பிக்கொண்டு கிழக்கே போகிறது. கீழப்பாவூர், மேலப்பாவூர் போன்ற ஊர்களில் குளக்கரையில் நின்றாலே மலை தெரியும். மூங்கிலும் தண்ணீரும் மீனும் இவ்வளவு பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கோலின் எடை ஒரு கவலையாக இருந்திருக்காது. மூங்கில் விளையாத நாடுகளுக்கோ அது பல நூற்றாண்டுக் கவலை.

அந்தக் கவலை இன்று எங்கே வந்து நிற்கிறது என்பதை முதலிலேயே பார்த்துவிடலாம். கனடாவில், ஈழத் தமிழர்கள் பெருந்திரளாக வாழும் ஸ்கார்பரோவிலிருந்து வடக்கே ஒரு மணி நேரம் காரில் போனால் ஸிம்கோ ஏரி வரும். 700 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த அந்த ஏரி குளிர்காலத்தில் உறைந்ததும், மேலே நடந்துபோய், பனிக்கட்டியில் ஒரு சாண் அகலத்துக்குத் துளை போட்டு, அதன் வழியே தூண்டில் இறக்குவார்கள். இரண்டு முழம்கூட இல்லாத கோல் போதும், ஏனென்றால் மீன் காலுக்கு நேர் கீழே இருக்கிறது. ஆனால் துளை போடும் கருவி, கூடாரம், அடுப்பு, உட்காரப் பெட்டி, உடுப்பு என்று சாமான் சேர்ந்துகொண்டே போகும். அத்தனையையும் பனியில் கிலோமீட்டர் கணக்கில் இழுத்துப் போக வேண்டும். ஆகவே அங்கே போகிறவர்கள் ஒவ்வொரு பொருளையும் கையில் தூக்கிப் பார்த்துத்தான் எடுத்துவைப்பார்கள். அந்த இழுவண்டியில் ஏறும் இலேசான சாமான் ஒவ்வொன்றுக்கும் ஒரு நெடும்பயணம் இருக்கிறது. அதில் பல தடவை நம் பக்கத்துப் பொருள்கள் வந்துபோகின்றன.

தூண்டில் முள்ளிலிருந்து தொடங்கலாம், அதுதான் மூத்தது. ஜப்பானின் ஒக்கினாவாத் தீவில் ஒரு குகையில் கடல் நத்தையின் ஓட்டைத் தேய்த்துச் செய்த முள் கிடைத்தது. வயது 23,000 ஆண்டு. மொஹஞ்சதாரோ மக்கள் செம்பில் முள் செய்தார்கள், மாட்டிய மீன் நழுவாதபடி எதிர்ப்பக்கம் ஒரு கொக்கியும் வைத்தார்கள். எகிப்தில் பெனி ஹசன் என்ற இடத்தில் ஏறத்தாழ 4,000 ஆண்டுக்கு முந்தைய கல்லறை ஓவியத்தில், கோலும் நூலுமாக மீன்பிடிக்கும் ஆள் தெரிகிறார். அவ்வளவு காலத்துக்கு முன்பே முள், நூல், கோல் மூன்றும் சேர்ந்துவிட்டன. நான்காவதாக உருளை வரவேண்டும். அதற்கு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய படம் சீனத்தில் 1195 வாக்கில் மா யுவான் வரைந்தது. பட்டுத் துணியில் ஒரு சிறு படகு, குனிந்திருக்கும் ஒரு மனிதர், கையில் கோல், கோலில் ஒரு சின்னச் சக்கரம். சுற்றிலும் வெறுமை. குளிர்கால ஏரி அது. உருளை முதன்முதலாகப் படத்தில் அகப்பட்டதே குளிரில்தான்.

இங்கிலாந்தில் 1496-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சான ஒரு சிறுநூல் தூண்டில் செய்யக் கற்றுத்தருகிறது. ஜூலியானா பெர்னர்ஸ் என்ற மடத்துத் தலைவி எழுதியது என்று வழிவழியாகச் சொல்வார்கள். குளிர்காலத்தில் மரக்கொம்பை வெட்டி, சூட்டில் நேராக்கி, உலர்த்தி, உள்ளே துளைத்துக் குடைந்து, மேல் துண்டை அந்தக் குடைவுக்குள் ஒளித்துவைக்கச் சொல்கிறது நூல். வெளியே பார்த்தால் கைத்தடி. போகிற இடம் யாருக்கும் தெரியாமல் நடந்துபோகலாம் என்பதையும் எழுதிவைத்திருக்கிறார்கள். எடுத்துப்போக வசதியான தூண்டில் வேண்டும் என்ற ஆசை அச்சுக்கலையின் குழந்தைப் பருவத்திலேயே பதிவாகிவிட்டது. ஆனால் எடை குறையவில்லை. நூலுக்குக் குதிரைவால் மயிரைத் திரித்தார்கள். முள்ளுக்குத் தையல் ஊசியைக் காய்ச்சி வளைத்தார்கள். பின்னாளில் ரெட்டிச் என்ற ஊசி செய்யும் ஊரே தூண்டில் முள் செய்யும் ஊராகவும் ஆனதற்கு இதுவே காரணம்.

கப்பல்கள் உலகைச் சுற்ற ஆரம்பித்ததும் ஆங்கிலேயர் கோலுக்காக ஊர் ஊராக மரம் தேடினார்கள். அமெரிக்காவிலிருந்து ஹிக்கரி வந்தது. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து லான்ஸ்வுட் வந்தது. தென் அமெரிக்காவின் கயானாவிலிருந்து கிரீன்ஹார்ட் வந்தது. கிரீன்ஹார்ட் வலுவானது, நன்றாக நிமிரும், ஆனால் தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும் அளவுக்குக் கனம். அதில் செய்த சால்மன் மீன்கோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க நின்றவர்கள் தோள் வலியோடுதான் வீடு திரும்பியிருப்பார்கள். அந்தச் சமயத்தில் கல்கத்தாத் துறைமுகத்திலிருந்து போன மூங்கில் அவர்கள் கண்ணில் பட்டது. லண்டன் கடைக்காரர்கள் முதலில் அதைக் கோலின் நுனித் துண்டுக்கு மட்டும் பிளந்து ஒட்டிப் பயன்படுத்தினார்கள். முழுக் கோலையும் மூங்கிலில் செய்யலாம் என்ற துணிச்சல் அட்லாண்டிக் கடலுக்கு அப்பால்தான் பிறந்தது.

இதே காலத்தில் எதிர்த்திசையில் இன்னொரு சரக்கு வந்துகொண்டிருந்தது, அது பனிக்கட்டி. பாஸ்டன் வணிகர் ஃப்ரெடெரிக் டியூடர் அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிப்பாளங்களை மரத்தூளில் பொதிந்து, 1833-இல் ‘டஸ்கனி’ என்ற கப்பலில் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதப் பயணத்துக்குப் பிறகும் பெரும்பகுதி உருகாமல் வந்து சேர்ந்தது. சென்னையில் அந்தப் பனிக்கட்டியைச் சேர்த்துவைக்க 1842-இல் கடற்கரையில் கட்டிய கட்டடம்தான் ஐஸ் ஹவுஸ். இன்று அது விவேகானந்தர் இல்லம். 1846–47 குளிர்காலத்தில் வால்டன் என்ற சின்ன ஏரியில் பனி வெட்ட நூறு ஆட்கள் வந்து இறங்கியதை, கரையில் குடிசை போட்டுத் தங்கியிருந்த ஹென்றி டேவிட் தோரோ பார்த்துக்கொண்டிருந்தார். சென்னை, பம்பாய், கல்கத்தா மக்களும் என் கிணற்றில் குடிக்கிறார்கள் என்ற பொருள்பட அவர் ‘வால்டன்’ நூலில் எழுதினார். நம் கதைக்கு அதைவிட முக்கியமான செய்தி அதே அத்தியாயத்தில் இருக்கிறது. விடிகாலையில் ஆட்கள் கொஞ்சம் சாப்பாடும் நூல் சுற்றிய கட்டையுமாக ஏரிக்கு வருவார்கள். பனியில் துளை போட்டு மெல்லிய நூலை இறக்கி பிக்கரெல், பெர்ச் மீன்களைப் பிடிப்பார்கள். அவர்கள் கொண்டுவந்த மொத்தச் சாமானும் அவ்வளவே. சென்னைக்கு வந்த பனிக்கட்டி எந்த ஏரிகளில் வெட்டப்பட்டதோ, அதே மாதிரி ஏரிகளின் மேல் உட்கார்ந்துதான் அமெரிக்கர்கள் குளிர்காலத்தில் மீன்பிடித்தார்கள். கப்பல் தடத்தில் பனி கிழக்கே வந்தது, மூங்கில் மேற்கே போனது.

அந்த மூங்கில் போய்ச் சேர்ந்த கைகளில் ஒன்று சாமுவேல் ஃபிலிப்புடையது. பென்சில்வேனியாவில் ஈஸ்டன் என்ற ஊர். துப்பாக்கி செய்வது தொழில், வயலினும் செய்வார், மீன்பிடிப்பதில் பெருவிருப்பம். இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தது ஒரு நல்ல தற்செயல். இரும்பில் நுட்ப அளவு பார்த்த கண், மரத்தை மெல்லிசாக இழைத்து ஒட்டத் தெரிந்த கை, கோல் எப்படி வளைய வேண்டும் என்று அறிந்த மணிக்கட்டு. 1840-களில் அவர் மூங்கிலை நீளவாக்கில் பிளந்து, உட்புறத்து மெத்தையான பகுதியைச் சீவி எறிந்தார். மூங்கிலின் வலுவெல்லாம் தோலுக்கு ஒட்டிய நாரில்தான் இருக்கிறது. அந்த நார்ப்பட்டைகளை முக்கோணமாக இழைத்து, தோல் வெளியே இருக்கும்படி ஒன்றோடொன்று ஒட்டினார். உள்ளே வெற்றிடமில்லாமல், சுற்றிலும் நாராகவே ஒரு கோல் கிடைத்தது. விரல் பருமன்கூட இல்லாத கோலில் பெரிய மீனை இழுக்க முடிந்தது.

கல்கத்தா மூங்கிலில் கறுப்புத் தழும்புகள் இருந்தன. வளைவு எடுக்கவும் புழு அரிக்காமல் இருக்கவும் நம்மூரில் மூங்கிலைத் தீயில் வாட்டுவது வழக்கம். அமெரிக்கப் பட்டறைக்காரர்களுக்கு அது பெரிய தொல்லை, ஏனென்றால் சுட்ட இடத்தில் நார் பலவீனம். ஒரு முழு மூங்கிலிலிருந்து பழுதில்லாத பட்டை சிலதான் தேறும். இருந்தும் அரை நூற்றாண்டு அவர்கள் அதையே நம்பியிருந்தார்கள்.

அடுத்து வருகிறவர் ஹைரம் லியனார்ட், மெய்ன் மாநிலத்தவர். ஆறு பட்டை ஒட்டிய கோலை அவர் பெரிய அளவில் செய்தார். 1870-களில் பட்டைகளை இழைக்க ஓர் இயந்திரம் அமைத்து, அதைப் பூட்டிய அறைக்குள் வைத்திருந்தார். அத்தனை காவலும் எவ்வளவு நாளைக்கு? அவரிடம் வேலை பார்த்த தாமஸ், எட்வர்ட்ஸ், பெய்ன் மூவரும் ஒவ்வொருவராக வெளியே போய்த் தனித்தனியே கோல் செய்யத் தொடங்கினார்கள். இன்று பழைய மூங்கில் கோல் சேர்ப்பவர்கள் போட்டி போட்டு ஏலம் எடுக்கும் பெயர்கள் இவை. ரகசியம் பூட்டியே இருந்திருந்தால் இந்தக் கலை லியனார்டோடு ஒரு பட்டறையில் நின்றுபோயிருக்கும். தொழில் கற்றவர்கள் அதைக் கொண்டுபோனதால்தான் வளர்ந்தது, அதை நான் களவு என்று சொல்ல மாட்டேன்.

1900-ஐ ஒட்டி கல்கத்தா மூங்கிலின் இடத்தைச் சீனத்துக் குவாங்டோங் மலைகளின் மூங்கில் பிடித்துக்கொண்டது. சந்தையில் அதற்கு டோங்கின் மூங்கில் என்று பெயர். சூட்டுத் தழும்பு இல்லை, நேராக வளரும், கணு புடைத்து நிற்காது, நார் இன்னும் அடர்த்தி. காண்டனில் லிங்னான் பல்கலைக்கழகத்தில் இருந்த தாவரவியலாளர் ஃபிலாய்ட் மக்ளூர் 1931-இல் அதற்கு முறையான தாவரவியல் பெயர் வைக்கும்வரை, வாங்கி விற்றவர்களுக்கே அது எந்த வகை மூங்கில் என்று தெரியாது. இந்திய மூங்கில் கதையிலிருந்து விலகிவிட்டது. ஆனால் இந்தியா விலகவில்லை.

விலகாததற்குக் காரணம் ஒரு பறவை. மேற்குத் தொடர்ச்சி மலையில் விடியற்காலையில் கூவும் சாம்பல் காட்டுக்கோழியைக் குற்றாலக் காட்டுப் பக்கம் போனவர்கள் கேட்டிருப்பார்கள். சேவலின் கழுத்து இறகில் மெழுகு சொட்டியது போல மஞ்சள் புள்ளிகள் இருக்கும். ஸ்காட்லாந்தில் சால்மன் மீனுக்குக் கட்டும் பொய் இரையில், மீனின் கண் மாதிரி தெரிவதற்காக இந்த இறகை இரண்டு பக்கமும் வைத்துக் கட்டினார்கள். அதன் பிறகு அந்த இறகு இல்லாத சால்மன் இரையே குறைவு என்னும் நிலை வந்தது. தென்னிந்தியக் காடுகளிலிருந்து கழுத்துத் தோல்கள் கட்டுக்கட்டாகக் கப்பலேறின. பறவை அருகிப்போவது கண்டு 1960-களின் இறுதியில் இந்தியா ஏற்றுமதியைத் தடுத்தது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. இன்று இங்கிலாந்தில் காட்டுக்கோழியைக் கூண்டில் வளர்த்து இறகெடுக்கிறார்கள். நம் மலையில் அது உயிரோடு கூவிக்கொண்டிருக்க அந்தத் தடை ஒரு பெரிய காரணம் என்பதில் எனக்கு ஐயமில்லை. மயிலிறகுத் தண்டும் இப்படியே பயணம் போனது. காற்று நிறைந்த அந்தத் தண்டு, தண்ணீரில் மிதந்து சிறு கடியையும் காட்டிக்கொடுக்கும் தக்கையாக ஆங்கிலேய ஆற்றங்கரைகளில் பெயர்பெற்றது.

ஆட்சி செய்ய வந்தவர்களில் ஒருவருக்கு நம் குளங்களே பிடித்துப்போயின. மதராஸ் சிவில் சர்வீஸைச் சேர்ந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், 1873-இல் மங்களூரில் ‘தி ராட் இன் இந்தியா’ என்ற நூலை அச்சிட்டார். பெரிய ஆறுகளில் மஹசீர் பிடிப்பதற்கு அது வேதம் போல ஆனது. ஆனால் 1887-இல் அவர் எழுதிய இரண்டாவது நூல்தான் எனக்குப் பிரியமானது. அதன் பெயர் ‘டாங்க் ஆங்லிங் இன் இந்தியா’. கோயில் தெப்பத்திலும் ஊர்க்குளத்திலும் கண்மாயிலும் தூண்டில் போடுவதற்கென்றே ஒரு தனிநூல். கெண்டையும் கெளுத்தியும் ஒரு முழு நூலுக்குத் தகுதியானவை என்று நினைத்த அந்த மனிதரை நினைத்தால் மகிழ்ச்சியாக இருக்கிறது.

உருளை மாறி இரையின் எடை குறைந்த கதை ஒரு நெசவாலைக்குள் நடந்தது. யார்க்ஷயரில் பிராட்ஃபோர்டு கம்பளி ஆலைகளின் ஊர். அங்கே ஆலை நடத்திய ஆல்ஃபிரெட் இல்லிங்வொர்த், தறிக்கட்டையில் சுற்றிய நூல் கட்டை சுழலாமலே அதன் நுனி வழியாக உருவி வருவதைக் கவனித்தார். அதுவரை எல்லா உருளைகளும் தாமே சுழன்றுதான் நூலை விட்டன. உருளையைச் சுழற்றி இழுக்கும் வலு இரைக்கு இருக்க வேண்டும் என்பதால் இரையோ ஈயமோ கனமாக இருந்தாக வேண்டும். இல்லிங்வொர்த் 1905-இல் உரிமம் பெற்ற உருளை அசையாமல் நின்றது, நூல் மட்டும் உருவிப் போனது. சில கிராம் இரையையும் தூர வீசலாம் என்றானது. விக்கிரமசிங்கபுரம் மில்லில் பாபின் மாற்றிய நம்மவர்கள் ஆயிரக்கணக்கானோர் இதே காட்சியைத் தினமும் பார்த்தவர்கள்தான்.

இனி நூல். குதிரைமயிருக்குப் பிறகு, முள்ளை ஒட்டி வரும் கடைசி இழைக்குப் பட்டுப்புழு நரம்பு வந்தது. ஸ்பெயினில் மூர்சியா வட்டாரத்தில், கூடு கட்டத் தயாரான புழுவைப் புளிக்காடியில் போட்டுக் கொன்று, வயிற்றிலுள்ள பட்டுப்பையை எடுத்து இரு கையாலும் இழுப்பார்கள். கெட்டியான, கண்ணுக்குத் தெரியாத இழை கிடைக்கும். நீளம் ஒரு முழம் தேறினால் பெரிது. முடிச்சுப் போட்டுப் போட்டுத்தான் சேர்க்க வேண்டும், தண்ணீரில் ஊறவைத்துத்தான் முடிச்சே போட முடியும். ட்யூபான் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் 1935-இல் நைலானை உருவாக்கினார். 1938-இல் அது பல்துலக்கும் பிரஷ்ஷில் முதன்முதல் கடைக்கு வந்தது. அடுத்த ஆண்டே தூண்டில் நூலாக வந்துவிட்டது. பட்டுப்புழுக்களுக்கு அன்றோடு விடுதலை.

நைலான் நம் பக்கம் வந்த வழிகளில் ஒன்று செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. 1952-இல் ஒப்பந்தமான இந்திய–நார்வே திட்டம் கொல்லம் அருகே நீண்டகரையில் இயங்கியது. விசைப்படகோடும் பனிக்கட்டி ஆலையோடும் நைலான் வலையையும் மீனவர்களுக்கு அறிமுகம் செய்தார்கள். நார்வே இன்னொரு வகையிலும் நம் தூண்டிலுக்கு உறவு. யோவிக் என்ற ஊரில் முஸ்டாட் நிறுவனத்துக்காக மத்தியாஸ் டோப் என்பவர் 1877-இல் கம்பியை வெட்டி, வளைத்து, கொக்கி எடுத்து முள்ளாக்கும் இயந்திரத்தை அமைத்தார். அதோடு ரெட்டிச் ஊசிக்காரர்களின் காலம் சரியத் தொடங்கியது. நம் கடலோரக் கடைகளில் இன்றும் முஸ்டாட் முள் என்று கேட்டு வாங்குகிறார்கள்.

கீழப்பாவூர்ப் பக்கம் குளத்தில் தூண்டில் போடும் பையன் கையில் இருப்பதை இப்போது வரிசையாகப் பார்த்தால் உலகப்படம் ஒன்று விரியும். மலை மூங்கில் குச்சி. அமெரிக்க ஆய்வகத்தில் பிறந்த தங்கூசி நரம்பு. நார்வே முறையில் வளைந்த முள். மயில் தண்டுத் தக்கை. கரையில் தோண்டிய மண்புழு. பிடிபடுவது பெரும்பாலும் ஜிலேபி. அந்த மீனும் வந்தேறிதான். ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் பக்கத்து மீன், 1939-இல் ஜாவாத் தீவின் உப்பங்கழி ஒன்றில் யார் கொண்டுவந்தார்கள் என்றே தெரியாமல் அகப்பட்டது. அதிலிருந்து ஆசியாவெங்கும் பரவி, 1952-இல் இலங்கை வழியாக மண்டபத்துக்கு வந்தது. இப்போது அது இல்லாத குளம் இல்லை. நம் அயிரையும் விராலும் அதனோடு போட்டியிட்டுத் திணறுவது வருத்தமான செய்தி.

கோலுக்குத் திரும்புவோம். 1940-களில் ஆர்தர் ஹவால்டு என்ற வேதியியலாளர் மிச்சிகன் ஆற்றில் மீன்பிடிக்கப் போனபோது அவருடைய மூங்கில் கோலின் நுனி முறிந்தது. போர்க்காலம், நல்ல மூங்கில் கிடைக்காது. அவர் வேலையோ பிசினும் கண்ணாடி இழையும் சம்பந்தப்பட்டது. கண்ணாடி இழையைப் பிசினில் தோய்த்து நுனியை அவரே செய்துகொண்டார். ஷேக்ஸ்பியர் என்ற மீன்பிடி சாமான் நிறுவனம் அந்த உத்தியை வாங்கி 1947-இல் ‘ஒண்டர்ராட்’ என்று விற்றது. 1950-இன் முடிவில் கொரியப் போரை ஒட்டி அமெரிக்கா சீனச் சரக்குக்குத் தடை போட்டதும், டோங்கின் மூங்கிலின் வரத்து அடைபட்டது. மூங்கில் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. ஒரு நுனி முறிந்ததும் ஒரு கப்பல் தடைப்பட்டதும் சேர்ந்து நூறாண்டுத் தொழிலை முடித்துவைத்தன.

கார்பன் இழையின் வரவு அதைவிட விறுவிறுப்பு. 1960-களின் தொடக்கத்தில் ஒசாக்காவில் அகியோ ஷிண்டோவும், இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வகத்தில் வில்லியம் வாட் குழுவினரும், அக்ரிலிக் இழையைக் கருக்கி, எஃகைவிட விறைப்பான, ஆனால் மிக இலேசான நாரை எடுத்தார்கள். ரோல்ஸ்ராய்ஸ் நிறுவனம் அதில் விமான எஞ்சினின் விசிறித் தகடு செய்தது. பறவை மோதினால் தாங்குமா என்று சோதித்தபோது தகடு நொறுங்கியது. 1971-இல் நிறுவனமே திவாலானது. அதே ஆண்டு ஜப்பானில் டோரே நிறுவனம் கார்பன் இழையைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியிருந்தது. வாங்க ஆள் வேண்டும். வாங்கியவர்கள் மீன்பிடிப்பவர்கள். ஜப்பானிய ஆறுகளில் ஆயு என்ற சிறு மீனைப் பிடிக்க 8, 9 மீட்டர் நீளக் கோல் தேவை. அவ்வளவு நீளத்தில் ஒவ்வொரு கிராமும் மணிக்கட்டில் தெரியும். 1972-இல் ஒலிம்பிக் என்ற நிறுவனம் கார்பனில் ஆயு கோல் செய்தது. 1973-இல் அமெரிக்காவில் ஃபென்விக் நிறுவனமும் கார்பன் கோலோடு வந்தது. விமானம் கைவிட்ட நாரை மீன்காரர்களும் கோல்ஃப் ஆடுகிறவர்களும் தாங்கிப் பிடித்தார்கள். பிறகு விமானமே அதைத் தேடி வந்தது. இன்று 9 மீட்டர் ஆயு கோல் கால் கிலோவுக்கும் குறைவாகக் கிடைக்கிறது.

பனி ஏரிக்கு இப்போது வரலாம். அங்கே நெடுங்காலம் எடை யாருக்கும் பொருட்டாக இல்லை, ஏனென்றால் யாரும் நகரவில்லை. மரக் குடிசையை ஏரியின் நடுவே இழுத்துவைத்து, குளிர்காலம் முழுக்க ஒரே துளையில் காத்திருந்தார்கள். 1980-களில் மினசோட்டாவைச் சேர்ந்த டேவ் கென்ஸ், இழுவண்டியோடு சேர்ந்தே மடியும் கூடாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். மீன் வரும்வரை காத்திருக்காதே, மீன் இருக்கும் இடத்துக்கு நீ போ என்பது அவர் கொள்கை. பத்து இடத்தில் துளை போடு, கடிக்கவில்லையா, நகரு. நகர வேண்டும் என்றதும் எடை பெரிய விஷயமாகிவிட்டது. 10 கிலோவைத் தாண்டும் பெட்ரோல் துளைப்பானை விட்டு, தச்சர் வைத்திருக்கும் பேட்டரி டிரில்லில் திருகுத் துளைப்பானைப் பொருத்தினார்கள். ஆழம் காட்டும் கருவிக்கு இரண்டரைக் கிலோ ஈய பேட்டரிக்குப் பதில் ஒரு கிலோ லித்தியம் பேட்டரி வந்தது.

இன்று இழுவண்டி கட்டுகிறவர் முதலில் வைப்பது உயிர்காக்கும் சாமான். பனி உடைந்தால் விளிம்பில் குத்திப் பிடித்து மேலேற இரண்டு கூர் ஆணிக் கைப்பிடி, ஒரு கயிறு, விழுந்தால் மிதக்கவைக்கும் உடுப்பு. இவற்றில் எடை பார்க்கக் கூடாது. நடந்துபோக நல்ல தெளிந்த பனிக்கட்டி குறைந்தது 10 சென்டிமீட்டர் கனம் இருக்க வேண்டும், போகப் போகத் துளைத்துப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். பருத்தி ஆடை வேண்டாம், வியர்வையில் நனைந்தால் காயாது, குளிர் எலும்பில் ஏறும். கம்பளியோ செயற்கை இழையோ அடுக்கடுக்காக. வெந்நீர் ஃபிளாஸ்க். ஒரு முழக் கோல் இரண்டு. சட்டைப்பையில் அடங்கும் டப்பாவில் முள்ளும் இரையும். ஊரிலிருந்து போனவர்களுக்கு இதில் புதிதாகக் கற்க வேண்டியது பனியைப் பற்றி மட்டும்தான்.

அந்தச் சட்டைப்பை டப்பாவுக்குள் இருக்கும் ஒரு பொருள் மட்டும் எதிர்த்திசையில் போயிருக்கிறது. எல்லாம் எடை குறைந்துகொண்டே வர, நூலைக் கீழே இழுக்கும் குண்டு கனத்துக்கொண்டே வந்தது. ஸிம்கோவின் ஆழம் 41 மீட்டர் வரை போகும். மெல்லிய நூலும் சின்ன முள்ளுமாக அவ்வளவு ஆழத்துக்கு இறக்க வேண்டுமானால் குண்டு சிறிதாகவும் கனமாகவும் இருக்க வேண்டும். ஈயத்தின் அடர்த்தி 11.3, டங்ஸ்டனின் அடர்த்தி 19.3. அதனால் பனிமீன்காரர்கள் டங்ஸ்டனுக்கு மாறினார்கள். இன்னொரு காரணமும் இருந்தது. ஆற்றில் விழுந்த ஈயக் குண்டைக் கூழாங்கல் என்று விழுங்கி அன்னங்கள் செத்தன. பிரிட்டன் 1987-இல் சிறு ஈயக் குண்டுகளைத் தூண்டிலில் தடை செய்தது. அமெரிக்காவில் லூன் என்ற நீர்ப்பறவைக்காக நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் தடை போட்டது. கனடா தன் தேசியப் பூங்காக்களில் 1997-இலேயே தடுத்துவிட்டது.

நம் குளக்கரைகளில் ஈயம் இன்னும் புழங்குகிறது. தகட்டை வெட்டி நரம்பில் வைத்து, பிள்ளைகள் பல்லால் கடித்து இறுக்குகிறார்கள். ஈயம் குழந்தைகளின் மூளையைத்தான் முதலில் தாக்கும், பாதுகாப்பான அளவு என்று ஒன்று அதற்குக் கிடையாது. டங்ஸ்டன் விலை அதிகம், நம்மூர்க் கடைகளில் கிடைப்பதும் அரிது, தேவையுமில்லை. ஆள் மட்டத் தண்ணீரில் தக்கைக்குக் கீழே நரம்பை நேராக நிறுத்த ஒரு சைக்கிள் கடை இரும்பு நட்டு போதும். ஓட்டைக்குள் நரம்பை விட்டு இரண்டு முடிச்சுப் போட்டால் ஆயிற்று.